மூடி வரை

மூன்று வருடம் பல்செட் வாங்கிப்
பணம் தராத டாக்டர் சேஷகிரி
கடைசியில் ஒரு சாவியைத் தந்தார்.
இம்பாலா. சாம்பல் நிறம். மெட்ராஸ் நம்பர்.
கடன் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
கடன் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

அல்சூரில் என் லேப்.
நாலு பேர் நெருக்காமல் உட்காரும் பின்சீட்டில்
பல்செட் பெட்டிகளை உட்கார வைத்து
இந்திராநகர், வில்சன் கார்டன், ஜெயநகர் என்று
கிளினிக் கிளினிக்காக இறக்குவேன்.
மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை இரண்டு,
மிஞ்சினால் நாலு தனிப் பல்.

ஸ்கூட்டர் போதுமே என்பான் கொழுந்தன் தியோடர்.
லிட்டருக்கு நாற்பத்தைந்து.
போதும்தான்.
விற்கப் போனால் பழைய இரும்புக்காரர்
எடை போட்டு விலை சொல்கிறார்.
ஓட்டாமல் விட்டால் பாட்டரி செத்து
கார்புரேட்டரில் பிசின் பிடிக்கிறது.
இன்னொரு காரணம் தியோடரிடம் சொன்னதில்லை:
அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால்
நான் நாலடி பதினொரு அங்குலம் என்று
எந்த பஸ்காரருக்கும் தெரிவதில்லை.

பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும்.
நம்பக் கூடாது.
கணக்குக்கு ஒரே வழி:
மூடி வரை நிரப்பு, ஓட்டு, மறுபடி மூடி வரை நிரப்பு.
மூடி இருப்பதோ நம்பர் பலகைக்குப் பின்னால்.
பலகையைக் கீழே மடித்துப் பிடித்தால்தான் குழாய் நுழையும்.
கையை எடுத்தால் ஸ்பிரிங்
படாரென்று நிமிர்த்திவிடும்.

நோட்டில் ஒரு வாரம்:
திங்கள் 3.8
செவ்வாய் 3.5, மழை
புதன் 3.1, டெய்ரி சர்க்கிளில் நாற்பது நிமிடம்
வியாழன் 3.6. ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பெட்ரோல் அறுபத்திரண்டு ரூபாய்.
நகராமல் எரித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
எட்டு சிலிண்டரும் இதமாக
முனகிக்கொண்டே எரித்தன.

தண்ணீர்த் தீர்ப்பு வந்த மத்தியானம்
ஜெயநகர் பங்க்கில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
ஈரப்பா மூடி வரை நிரப்பினான்.
பலகையை மடித்த கையை எடுக்கவில்லை.
தோளில் கிடந்த மஞ்சள் துணியை உருவி
பலகையைக் கீழேயே இழுத்துக் கட்டினான்.
முன்பக்கம் போய் ஒரு கை கிரீஸ் அள்ளி
முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை தடவினான்.
ஹோகி மேடம், என்றான்.
சில்லறையை அவனும் மறந்தான், நானும்.

பதினோரு கிலோமீட்டர்.
சிக்னல்கள் யாருக்கோ மாறிக்கொண்டிருந்தன.
டபுள் ரோட்டில் ஒரு டயர் எரிந்தது,
பக்கத்தில் ஆள் இல்லை.
பிரேக்கைத் தொடவில்லை.
பின்சீட்டில், கொண்டு சேர்க்காத கீழ்வரிசை ஒன்று
பெட்டிக்குள் கடகடவென்று
வீடு வரை ஆடிக்கொண்டே வந்தது.

நாலு நாள் கழித்து
ஏரிக்கரை பங்க்கில் மூடி வரை நிரப்பினேன்.
ஒரு லிட்டர் எழுநூறு.
வகுத்தேன். நம்பாமல் மறுபடி வகுத்தேன்.
6.4.
வண்டி வந்த நாளிலிருந்து இதுதான் உச்சம்.
தியோடர் வாயை அடைக்கலாம்.
குறிப்பு என்ற இடத்தில்
ரோடு காலி
என்று எழுதிவிட்டு முடிச்சை அவிழ்த்தேன்.
படார்.

அன்றைக்கே, டிரினிட்டி சர்க்கிள்.
முன்னால் தண்ணீர் லாரி, ஒழுகிக்கொண்டு.
இடப்பக்கம் ஒரு ஆட்டோக்காரர்
என் கண்ணாடியில் மீசை சீவினார்.
இருபத்தைந்து நிமிடம்.
பின்னாலிருந்தவர் என் பலகையை
எழுத்து எழுத்தாகப் படித்திருப்பார்.
படித்துவிட்டு ஹாரன் அடித்தார்,
எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி.

3.2 என்று எழுதினேன்.
இவ்வளவு சந்தோஷமாக அந்த எண்ணை
எழுதியதில்லை.

மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து
டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.
ஈரப்பாவின் பங்க் இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்.
மூன்றரை லிட்டர் ஆகும்.